செத்த காரை டிரெய்லர்ல ஏத்த வின்ச்: எது வாங்கணும், எப்படி மாட்டணும்

டர்பன்ல பழைய கார் வச்சு வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும், இங்க கடல் காத்து பாடியை விட்டு வைக்காது, சாட்ஸ்வொர்த்ல பத்து வருஷம் வெளியில நின்ன காரோட ஃப்ளோரை விரலால குத்துனா ஓட்டை விழும். அதனால நல்ல பாடி வேணும்னா நாம மேல போறோம், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பக்கம், ஹாரிஸ்மித் பெத்லஹேம் சுத்துவட்டாரத்துல பண்ணைக் கொட்டாய்க்குள்ள நிக்கிற காரைத் தேடி. காத்து காஞ்ச காத்து, துரு கம்மி. ஆனா அந்தக் கார் உருளாது. டயர் நாலும் தட்டையா இருக்கும், பிரேக் டிரம் பிடிச்சுப் போயிருக்கும், சில சமயம் கியர் கூட நியூட்ரலுக்கு வராது.

அப்படி ஒரு பழைய ஃபோர்ட் கார்ட்டினா காரை நாலு பேர் சேர்ந்து தள்ளி ராம்ப்ல ஏத்துனோம், பாதி ஏறினதும் ஈரப் புல்லுல என் மச்சான் கால் வழுக்கிடுச்சு, மத்த மூணு பேரால பிடிக்க முடியல, கார் பின்னால வந்துச்சு. அவன் பக்கவாட்டுல விழுந்ததால தப்பிச்சான், நேர் பின்னால விழுந்திருந்தா என் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்னு இன்னிக்கும் நெனச்சுப் பாக்குறேன். அதுக்கப்புறம் மனுஷன் தள்ளி கார் ஏத்துறதே இல்லன்னு முடிவு பண்ணி டிரெய்லர்ல வின்ச் மாட்டுனேன், அதாவது மோட்டார் வச்சு டிரம்ல கயிறைச் சுத்திப் பாரத்தை இழுக்கிற கருவி, பிறகு சொந்தக்காரங்க டிரெய்லர்லயும் மூணு நாலு மாட்டிக் குடுத்தாச்சு. அதுல கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன்.

முதல்ல எவ்வளவு இழுக்கணும்னு கணக்குப் போடுங்க, கடைக்காரர் சொல்றதை அப்புறம் கேக்கலாம். டிரெய்லர் தட்டு தரையில இருந்து எவ்வளவு உயரம்னு அளங்க, ராம்ப் எவ்வளவு நீளம்னு அளங்க, உயரத்தை நீளத்தால வகுங்க. என்னோடது 60 சென்டிமீட்டர் உயரம், 2 மீட்டர் ராம்ப், அப்ப 0.3. கார் எடை 1100 கிலோன்னா அந்தச் சரிவு மட்டும் 330 கிலோ கேக்குது. சக்கரம் நல்லா உருண்டா அதுக்கு மேல இன்னொரு 20, 30 கிலோ, தட்டை டயர்னா இன்னும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஆனா பின் சக்கரம் ரெண்டும் பிடிச்சுக்கிட்டு வழுக்கிக்கிட்டே வந்தா ரப்பர் உரசல் மட்டும் தனியா 350 கிலோவுக்கு மேல சேருது, ஆக 700 கிட்ட. நாலு சக்கரமும் பிடிச்சிருந்தா ஆயிரத்தைத் தாண்டிடும், கிட்டத்தட்ட காரோட முழு எடை. அதனால நான் வச்சுக்கிற அளவு இதுதான், ஏத்தப் போற வண்டியிலேயே கனமானது எதுவோ அதோட முழு எடையை அந்த வின்ச் எந்த நேரத்துலயும் இழுக்கணும். உருள்ற காருக்குக் கணக்குப் போட்டு வாங்கினவங்க எல்லாரும் முதல் பிரேக் பிடிச்ச கார்ல மாட்டிக்கிறாங்க.

எந்த நேரத்துலயும்னு ஏன் சொல்றேன்னா, பெட்டி மேல போட்டிருக்கிற எண் டிரம்ல கயிறு ஒரே ஒரு அடுக்கு இருக்கும்போது உள்ள இழுவிசை. மேல மேல கயிறு சுத்தச் சுத்த டிரம் பெருசாகுது, மோட்டார் முறுக்கு அதேதான், இழுவிசை ஒவ்வொரு அடுக்குக்கும் குறைஞ்சுக்கிட்டே வரும், நாலாவது அடுக்கு வரும்போது பல வின்ச்ல அறுபது சதவீதம் பக்கம்தான் மிஞ்சும். காட்டுல சேத்துல மாட்டுன வண்டியை இழுக்கிறவங்க இருபது மீட்டர் கயிறு வெளிய விட்டு இழுப்பாங்க, அவங்களுக்குக் கீழ் அடுக்கு கிடைக்கும். நம்ம கதை நேர் எதிர். டிரெய்லர் தட்டு 5 மீட்டர், காரோட பின் சக்கரம் ராம்ப்ல ஏறுற நேரம், அதாவது ரொம்ப பாரமான நேரம், வெளிய இருக்கிற கயிறு நாலு மீட்டர் கூட இருக்காது, மீதி எல்லாம் டிரம் மேல சுத்திக் கெடக்கும். ஆக நாம எப்பவும் வின்ச்சோட பலவீனமான அடுக்குலதான் வேலை பாக்குறோம். இதுக்கு வழி ரெண்டு. ஒண்ணு, எண்ணைக் கூட்டி வாங்குறது. இன்னொண்ணு காசு செலவில்லாதது, கயிறைக் குறைக்கிறது. டிரெய்லருக்கு 10, 12 மீட்டர் கயிறு தாராளம், 28 மீட்டர் கயிறோட வர்ற பெரிய வின்ச் வாங்கினீங்கன்னா பாதியை எடுத்துடுங்க, சின்தெடிக் கயிறா இருந்தா எடுத்த துண்டு வேற வேலைக்கு ஆகும். டிரம்ல எப்பவும் மிச்சம் இருக்க வேண்டிய சுத்தை மட்டும் மறக்கக் கூடாது, ஸ்டீல் கம்பிக் கயிறுன்னா குறைஞ்சது 5 சுத்து, சின்தெடிக்னா வழுக்கும், 8ல இருந்து 10 சுத்து வேணும். டிரம்ல கயிறைப் பிடிச்சிருக்கிற அந்தச் சின்ன போல்ட் பாரம் தாங்க வச்சது கிடையாது, சுத்தோட பிடிப்புதான் தாங்குது.

சிட்டி கோல்ஃப், பழைய கொரோலா, டாட்சன் 1200 பக்கி (பின்னால திறந்த தட்டு உள்ள பிக்கப்), கார்ட்டினா இந்த மாதிரி ஆயிரம் கிலோ சுத்தி உள்ளதுக்கு 4500 பவுண்ட் வின்ச் போதும், அது 2040 கிலோ, மேல் அடுக்குல நாற்பது சதவீதம் போனாலும் 1200 கிலோ மிஞ்சுது. ஹைலக்ஸ் டபுள் கேப் மாதிரி ரெண்டு டன் ஏத்தணும்னா 9500 பவுண்ட் வாங்குங்க, 4300 கிலோ. நடுவுல உள்ளதை வாங்கிட்டு ஸ்னாட்ச் பிளாக், அதாவது கப்பி, போட்டுக்கலாம்னு சிலர் சொல்வாங்க, அது உண்மைதான், கப்பியைக் காரோட கொக்கியில மாட்டி கயிறு முனையைத் திருப்பி டிரெய்லருக்கே கொண்டு வந்து கட்டினா இழுவிசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, வேகம் பாதி. ஆனா கப்பியும் அது மாட்டுற ஷேக்கிள் வளையமும் ரெண்டு மடங்கு பாரம் தாங்கணும், தட்டுல அதுக்கு இடமும் வேணும், கார் முன்னால வந்ததும் கப்பி வின்ச்லயே போய் முட்டும். பையில ஒண்ணு வச்சுக்கோங்க, அதை நம்பிச் சின்ன வின்ச் வாங்காதீங்க. கையால சுத்துற படகு வின்ச் பத்திக் கேக்குறவங்களுக்கு, உருள்ற சின்னக் காருக்கு அது போதும், ஆனா ராட்செட் நாக்கு நழுவினா கைப்பிடி சுத்தி வந்து மணிக்கட்டை உடைச்சிடும், எனக்குப் பிடிக்கல.

இப்ப கரண்ட். பத்துப் பேருக்கு ஒம்பது பேர் தப்பு பண்றது இங்கதான், வின்ச் மட்டம்னு திட்டுவாங்க, தப்பு வயர்ல இருக்கும். 4500 பவுண்ட் வின்ச் பாரத்துல 150 ஆம்ப் சுலபமா இழுக்கும், 9500 வின்ச் முழு பாரத்துல 400 பக்கம் போகும். பக்கி பானெட்டுக்குள்ள இருக்கிற பேட்டரியில இருந்து டிரெய்லர் மூக்கு வரைக்கும் 7 மீட்டர், போக வர 14 மீட்டர். 16 ஸ்கொயர் மி.மீ கேபிள் போட்டா 150 ஆம்ப்ல இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமப் போயிடும், பேட்டரியே பாரத்துல 11க்கு இறங்கியிருக்கும், மோட்டாருக்குப் போறது எட்டரை. அது சத்தம் போடும், சூடாகும், இழுக்காது. 35 ஸ்கொயர் போட்டாலும் ஒரு வோல்ட்டுக்கு மேல போகும், அந்தத் தடிமனுக்கு 14 மீட்டர் செம்பு வாங்குற காசுல ஒரு பேட்டரியே வாங்கிடலாம். பின்னால கேரவனுக்குப் போடுற 50 ஆம்ப் பிராட் ஹாரிசன் பிளக் இருக்கே அதுல வின்ச் ஓட்டலாம்னு ஒரு கடையில எனக்குச் சொன்னாங்க, நம்பி ஓட்டுனேன், பிளக் உருகி ஒட்டிக்கிச்சு, பிரிக்க முடியாம வெட்டித்தான் எடுத்தோம்.

அதனால பேட்டரியை டிரெய்லர்லயே வச்சிடுங்க, வின்ச்சுக்குப் பக்கத்துல, ஒரு மீட்டருக்குள்ள. ஒரு கார் ஏத்த மூணு நிமிஷம் ஆகும்னு வச்சுக்குவோம், 150 ஆம்ப் மூணு நிமிஷம்னா ஏழரை ஆம்ப் ஹவர்தான், அதனால பெரிய கொள்ளளவு தேவையில்ல, ஒரே நேரத்துல நிறைய கரண்ட் குடுக்கிற பேட்டரி போதும், நல்ல ஏஜிஎம் பேட்டரி ஒண்ணு, ஆடினாலும் கவிழ்ந்தாலும் ஆசிட் கொட்டாது. அதை சார்ஜ் பண்ணத்தான் அந்த 50 ஆம்ப் பிளக், நடுவுல ஒரு 20 ஆம்ப் டிசி சார்ஜர் போட்டீங்கன்னா ஹாரிஸ்மித் போய்ச் சேருற மூணு நாலு மணி நேரத்துல பேட்டரி நிறைஞ்சிருக்கும். புது பக்கில ஆல்டர்னேட்டர் தானா வோல்டேஜைக் குறைக்கிற மாதிரி வருது, அதுக்கு இந்தச் சார்ஜர் இல்லாம பேட்டரி ஒழுங்கா நிறையாது. மாசத்துக்கு ஒரு தடவைதான் டிரெய்லர் எடுப்பேன்னா பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சு சார்ஜ் போட்டுக்கோங்க, இங்க திருட்டும் இருக்கு, வெளிய விட்டு வைக்காதீங்க.

பேட்டரி பாசிட்டிவ் முனையில இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இல்லன்னா சர்க்யூட் பிரேக்கர், அதுக்கப்புறம் கையால திருப்புற ஐசோலேட்டர் சுவிட்ச், அப்புறம் சோலனாய்டு பெட்டி, ரிமோட் சொன்னதும் மோட்டாருக்குக் கரண்டை விடுறதும் நிறுத்துறதும் அதுதான். ஐசோலேட்டர் வெளிய, கை எட்டுற இடத்துல இருக்கணும். சோலனாய்டு உள்ளுக்குள்ள ஒட்டிக்கிட்டா ரிமோட்டை விட்டாலும் வின்ச் நிக்காது, இழுத்துக்கிட்டே இருக்கும், அப்ப உங்களைக் காப்பாத்துறது அந்தச் சுவிட்ச் ஒண்ணுதான். நெகட்டிவை டிரெய்லர் இரும்புல எங்கயாவது கடிச்சு விடாதீங்க, துரு வழியா 150 ஆம்ப் போகாது, தனி கேபிள் போட்டு நேரா பேட்டரிக்கே கொண்டு வாங்க. கேபிள் முனையில மாட்டுற லக்கை சுத்தியலால அடிச்சு நசுக்காம ஹைட்ராலிக் கிரிம்பர் இருக்கிற இடத்துல குடுத்துப் பண்ணுங்க, மேல பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குற குழாய்) போடுங்க, நம்ம ஊர் கடல் காத்துக்கு வெள்ளீயம் பூசின கேபிள் கிடைச்சா இன்னும் நல்லது, சாதாச் செம்பு ரெண்டு வருஷத்துல பச்சையாயிடும். இரும்புத் தகட்டுல ஓட்டை வழியா கேபிள் போற இடத்துல எல்லாம் ரப்பர் வளையம் கட்டாயம்.

மாட்டுற இடம். மரப் பலகை மேலயோ மெல்லிசான செக்கர் பிளேட் மேலயோ வின்ச்சை வைக்கவே கூடாது, பாரம் சேஸிக்குப் போகணும். நான் 8 மி.மீ தகடு ஒண்ணை டிரெய்லர் முன்பக்கம் ரெண்டு நீளச் சட்டத்துக்கும் குறுக்கா வச்சு, பின்னால முக்கோணத் தாங்கு ரெண்டு வச்சு வெல்ட் பண்ணுவேன். டிராபார்ல, அதாவது பக்கியோட இணைக்கிற முன் சட்டத்துல, ஓட்டை போடணும்னா மேல் விளிம்பு கீழ் விளிம்பைத் தொடாதீங்க, பக்கச் சுவரோட நடுவுல போடுங்க, விளிம்புதான் வளைவைத் தாங்குது, அங்க ஓட்டை விழுந்தா பின்னாளில விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். வின்ச் டிரம்மோட நடு, டிரெய்லரோட நடுக்கோட்டுல இருக்கணும், ஒரு நூல் கட்டிப் பாருங்க, கண்ணளவு வேண்டாம். ஒரு பக்கம் தள்ளி இருந்தா காரையும் ஒரு பக்கமா இழுக்கும், கயிறும் டிரம்ல ஒரே ஓரமா குவியும். உயரம் காரோட முன் கொக்கி உயரத்தை ஒட்டி இருந்தா நல்லது, ரொம்பக் கீழ இருந்தா கயிறு தட்டோட விளிம்புல உரசும்.

போல்ட் 8.8 கிரேடு, தலையில எண் அடிச்சிருக்கும் பாத்து வாங்குங்க. வின்ச் உடம்புக்குள்ளயே மரை இருக்கிற மாடல்ல போல்ட் நீளம் ரொம்ப முக்கியம், நீளமா இருந்தா ஓட்டையோட அடியில முட்டி அலுமினியத்தைப் பிளந்துடும், தலை இறுகின மாதிரி தெரியும் ஆனா தகட்டைப் பிடிச்சிருக்காது, குட்டையா இருந்தா நாலு மரைதான் பிடிக்கும், பாரத்துல பிச்சுக்கும். தகட்டு தடிமனையும் வாஷரையும் சேத்து அளந்து வாங்கணும். மேனுவல்ல இறுக்கு அளவு இல்லாம இருந்தா 10 மி.மீ போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் சுமாரா சரியா வரும். வெல்ட் முடிஞ்சதும் ஜிங்க் ப்ரைமர் ரெண்டு கோட் அடிச்சு அப்புறம்தான் பெயிண்ட்.

கயிறு எதுன்னு கேட்டா டிரெய்லருக்கு நான் சின்தெடிக்தான் சொல்வேன். ஸ்டீல் கம்பி அறுந்தா அது சேர்த்து வச்சிருந்த சக்தி எல்லாம் சாட்டை மாதிரி வரும், சின்தெடிக் லேசு, அறுந்தாலும் அவ்வளவு வேகம் இல்ல, கையிலயும் முள்ளு குத்தாது. அதுக்கு எதிரி மூணு, வெயில், மணல், கூர் விளிம்பு. மூடி வைக்க ஒரு கித்தான் துணி உறை தைச்சுப் போட்டா வெயிலுக்குக் காவல். முன்னால கயிறு வெளிய வர்ற வாய், சின்தெடிக்னா வழவழன்னு அலுமினிய ஹாஸ், ஸ்டீல்னா உருளை வச்சது. ஸ்டீல் ஓடின பழைய உருளையில சின்தெடிக்கைப் போடாதீங்க, கம்பி கிழிச்ச கோடு கயிறை அறுத்துடும்.

கயிறு சுத்துற திசை பத்தித் தனியாச் சொல்லணும், இதுல நானே அடி வாங்கினவன். பெரும்பாலான வின்ச்ல கயிறு டிரம்மோட அடிப்பக்கமா வெளிய வரணும், உள்ள இருக்கிற பிரேக் அந்த ஒரு திசைக்குத்தான் பிடிக்கும். முதல் தடவை நான் ரிமோட்ல வெளிய விடுற பட்டனை அழுத்திக்கிட்டே இருந்துட்டேன், கயிறு முழுக்க தீர்ந்து டிரம் தொடர்ந்து சுத்தி கயிறை மறுபக்கமா, மேல்பக்கமா சுத்திக்கிச்சு. பாத்தா ஒழுங்கா இருக்கிற மாதிரிதான் இருக்கும். வீட்டு வாசல் சரிவுல கோல்ஃபை இழுத்து நிறுத்தி பட்டனை விட்டேன், கார் மெதுவா பின்னால போக ஆரம்பிச்சுது. சக்கரத்துக்குக் கட்டை வச்சிருந்ததால நின்னுச்சு. கயிறு அடியில இருந்து வருதான்னு ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பாக்குறேன் இப்ப. புதுக் கயிறை முதல்ல பாரம் குடுத்துத்தான் சுத்தணும், லேசான சரிவுல ஒரு காரைக் கட்டி அதை இழுத்துக்கிட்டே சுத்துனா அடுக்கு இறுகி உக்காரும், லூசா சுத்துனா பாரம் வந்ததும் மேல் கயிறு கீழ் அடுக்குக்குள்ள புகுந்து பூட்டிக்கும்.

இனி ஏத்துற நாள். டிரெய்லர் பக்கியில மாட்டியே இருக்கணும், ஆனா அது மட்டும் பத்தாது. காரோட முன் சக்கரம் டிரெய்லர் பின் ஓரத்துல ஏறும்போது பின்பக்கம் அமுங்கி மூக்கு மேல தூக்கும், அது பக்கியோட பின்பக்கத்தையும் சேத்துத் தூக்கும், ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது பின் சக்கரத்தை, அந்தச் சக்கரத்துல எடை இல்லன்னா மொத்தமும் உருள ஆரம்பிக்கும். இதைப் பலர் யோசிக்கிறதே இல்ல. டிரெய்லர் பின் மூலை ரெண்டுலயும் இறக்கி விடுற கால் வெல்ட் பண்ணுங்க, பக்கி முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க.

கார் சாவி இருந்தா ஸ்டியரிங் பூட்டைத் திறங்க. திருகி மாட்டுற இழுவை வளையம் சில கார்ல இடது மரையா இருக்கும், பலவந்தம் பண்ணாதீங்க. வளையம் இல்லாத பழைய காருக்கு முன் சஸ்பென்ஷன் கீழ் கை ரெண்டுலயும் ஒரு வலைப்பட்டை போட்டு நடுவுல இருந்து இழுங்க, நேரா வரும். பின்பக்கமா இழுக்கும்போது டோ பால் உருண்டையில கயிறு மாட்டவே மாட்டாதீங்க, அது உடைஞ்சு பறந்தா குண்டு மாதிரி. கயிறைச் சுத்தி அதே கயிறுலயே கொக்கி போடுறதும் வேண்டாம். கயிறு மேல கனமான ஒரு போர்வையோ ஈரச் சாக்கோ போடுங்க. நிக்கிற இடம் பக்கவாட்டுல, கயிறோட நீளத்தை விடத் தள்ளி, கம்பியில்லா ரிமோட்டுக்கு இதுதான் பெரிய உபயோகம், ஆனா வயர் ரிமோட்டையும் பெட்டியில வச்சுக்கோங்க, ஃப்ரீ ஸ்டேட் பண்ணையில பட்டன் பேட்டரி வாங்கக் கடை இருக்காது. காருக்குப் பின்னால ஆளே கூடாது, பிள்ளைங்க இருந்தா வண்டிக்குள்ள உக்கார வைங்க. ஒருத்தர் மட்டும் பக்கத்துல நடந்து பின் சக்கரத்துக்குக் கட்டையை நகர்த்திக்கிட்டே வரலாம், கட்டைக்கு ஒரு நீளக் கம்பு கட்டி, கையைச் சக்கரத்துக்குக் கிட்ட கொண்டு போகாம. ஒரு மீட்டர் இழுத்து நிறுத்துங்க, மோட்டாரைத் தொட்டுப் பாருங்க, கை வைக்க முடியாத சூடுன்னா அஞ்சு நிமிஷம் விடுங்க.

ஏறினதும் காரை முன்ன பின்ன நகர்த்தி மூக்குக் கனத்தை, அதாவது பக்கியோட இணைக்கிற கப்ளிங் மேல அழுத்துற எடையைப் பாருங்க, பின் கனமா இருந்தா வான் ரீனன் மலைப்பாதை இறக்கத்துல டிரெய்லர் வாலாட்டும், அப்படி ஆடினா பக்கியையும் சேத்து இழுத்துட்டுப் போகும். எவ்வளவு மூக்குக் கனம்னு உங்க பக்கியோட புத்தகமும் கப்ளிங் மேல உள்ள தகடும் சொல்லும், வின்ச்சும் பேட்டரியும் தகடும் சேந்து 50, 60 கிலோ ஏற்கனவே அங்க உக்காந்திருக்குங்கிறதை அதுல சேத்துக்கோங்க. அதே அளவு எடை டிரெய்லர் ஏத்தக் கூடிய பாரத்துல இருந்தும் குறையுது. அப்புறம் லைசென்ஸ், டிரெய்லர் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினா சாதா கோட் பி போதாது, ஈபி வேணும், கார் ஏத்துற டிரெய்லர் எல்லாமே அதைத் தாண்டும்.

காரை நாலு சக்கரத்துலயும் ராட்செட் பட்டை போட்டு தட்டோட கட்டுங்க, கட்டி முடிச்சதும் வின்ச் கயிறைத் தளர்த்திடுங்க. வின்ச் பிரேக் ரோட்டுல ஓடுற குலுக்கலுக்கு செஞ்சது கிடையாது. வழியில மூயி ரிவர் ஊர் கிட்ட ஒரு தடவை நிறுத்திப் பட்டையைத் தட்டிப் பாருங்க, தட்டை டயர் அமுங்கினா பட்டை தளர்ந்திருக்கும். இறக்கும்போது வின்ச்லயே மெதுவா விடலாம், ஆனா பாரத்தோட வெளிய விடும்போது பிரேக் டிரம்முக்குள்ளயே சூடாகுது, சின்தெடிக் கயிறு அந்தச் சூட்டுல கெட்டுப் போகும், அதனால ஒரு மீட்டர் விட்டு நிறுத்தி நிறுத்தி இறக்குங்க.

முதல் மூணு தடவை ஏத்தின பிறகு எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கிப் பாருங்க, வெல்ட் ஓரத்துல பெயிண்ட் வெடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. அப்புறம் மாசம் ஒரு தடவை கயிறை முழுசா வெளிய இழுத்து சோப்புத் தண்ணியில கழுவி நிழல்ல காயப்போட்டுச் சுத்துங்க, புரிகள்ல இருந்து பிரிஞ்ச நார் அதிகமா தெரியுற இடம் இருந்தா அந்தக் கயிறை மாத்திடுங்க.